பானைச் சோறும் மூன்று குண்டும்

கேள்வி: நீள்தூரத்துக்கென்று புதிதாக வந்திருக்கும் ரைஃபிள் தோட்டா ஒன்றின் துல்லியத்தை எப்படிச் சோதிப்பது? 100 கெஜத்தில் மூன்று குண்டு சுட்டேன், மூன்றும் அரை அங்குலத்துக்குள் விழுந்தன. இது போதுமா?

போதாது. உங்கள் மகிழ்ச்சியைக் கெடுப்பதற்காகச் சொல்லவில்லை. அதே போன்ற ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன்.

நான் கொலராடோவில் வசிக்கிறேன். இலையுதிர்காலத்தில் உரிமம் கிடைக்கும் ஆண்டுகளில் எல்க் மான் வேட்டைக்குப் போவேன். 2023இல் 7 மி.மீ. பி.ஆர்.சி. (பிரிசிஷன் ரைஃபிள் கார்ட்ரிட்ஜ்) தோட்டாவுக்கான ரைஃபிள் ஒன்றை வாங்கினேன். ஹார்னடி நிறுவனம் உருவாக்கி, 2022இல் அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தரக்கழகம் ஏற்றுக்கொண்ட தோட்டா அது. முதல் நாள் 100 கெஜத்தில் மூன்று குண்டு சுட்டேன். மூன்று ஓட்டைகளும் வில்வ இலைபோல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அரை அங்குலம்தான். தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பியபோது பக்கத்து மேசையில் இருந்த முதியவர், வேலைக்காலம் முழுவதும் கடைசல் பட்டறையில் கழித்தவர், "அதே தாளில் இன்னும் ஏழு சுடுங்கள்" என்றார். குழலை ஆறவிட்டு ஆறவிட்டுச் சுட்டேன். பத்தும் முடிந்தபோது ஓட்டைகள் எல்லாம் சேர்ந்த கொத்தின் அகலம் 1.3 அங்குலம். துப்பாக்கி கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். எதுவும் கெடவில்லை. அந்தத் துப்பாக்கியும் அந்தத் தோட்டாவும் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் சுட்டுக்கொண்டிருந்தன. முதல் மூன்று குண்டு அதைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்கு உண்மை, ஏனென்றால் பானையிலுள்ள ஒவ்வொரு பருக்கையும் ஒரே கொதிநீரில் வெந்தது. குண்டுகள் அப்படியல்ல. ஒவ்வொன்றும் தன் போக்கில் மையத்தைச் சுற்றிச் சிதறுகிறது. அந்தச் சிதறலுக்கு ஒரு கணக்கு உண்டு. சராசரியாக மூன்று குண்டில் ஓரங்குலக் கொத்துத் தரும் துப்பாக்கி, எந்தக் குறையும் இல்லாமலே, பத்துக் குண்டில் ஏறக்குறைய 1.6 அங்குலம் தரும். அதோடு மூன்று குண்டுக் கொத்துகள் தமக்குள்ளேயே தாறுமாறாக மாறும். அதே துப்பாக்கி காலையில் அரை அங்குலமும் மாலையில் ஒன்றரை அங்குலமும் காட்டலாம். இரண்டும் பொய்யில்லை, ஆனால் தனியே எதை எடுத்துக்கொண்டாலும் அதை நம்ப முடியாது.

இதனால்தான் "அந்தப் பெட்டித் தோட்டா 0.6 அங்குலம், இந்தப் பெட்டித் தோட்டா 0.9 அங்குலம், ஆகவே அதுதான் சிறந்தது" என்று முடிவெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மூன்று மூன்று குண்டு சுட்டு ஆறு வகைத் தோட்டாக்களை ஒப்பிடுகிறார்கள். பதினெட்டுத் தோட்டா செலவாகிறது, தெரிந்துகொண்டது ஒன்றுமில்லை. அந்தப் பதினெட்டையும் ஒரே வகையில் சுட்டிருந்தால் ஒரு தோட்டாவைப் பற்றியாவது உருப்படியாகத் தெரிந்திருக்கும்.

நான் இப்போது செய்வது இது. ஒரே உற்பத்தித் தொகுதி எண் கொண்ட தோட்டாக்களை வாங்குகிறேன். ஒரே இலக்கை வைத்து ஐந்து ஐந்தாக நான்கு தாள்களில் 20 குண்டு சுடுகிறேன். பிறகு நான்கு தாள்களையும் குறிவைத்த புள்ளி பொருந்துமாறு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எல்லா ஓட்டைகளையும் ஒரே தாளுக்கு மாற்றுகிறேன். அந்த இருபதின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு ஓட்டையும் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி எடுக்கிறேன். இதைச் சராசரி ஆரம் என்று சொல்லலாம். கொத்தின் அகலம் என்பது மிகவும் விலகிப்போன இரண்டு ஓட்டைகளை மட்டுமே பார்க்கிறது, மற்ற பதினெட்டும் சுட்டது வீண். சராசரி ஆரம் இருபதையும் கணக்கில் எடுக்கிறது. இன்னொரு வசதியும் உண்டு: சராசரி ஆரத்தை இரண்டால் பெருக்கி ஒரு வட்டம் வரைந்தால், இனிமேல் சுடப்போகும் இருபது குண்டில் சுமார் பத்தொன்பது அதற்குள் விழும்.

என் துப்பாக்கிக்குச் சராசரி ஆரம் 0.43 அங்குலம் வந்தது. ஆக, 100 கெஜத்தில் மையத்திலிருந்து கிட்டத்தட்ட 0.85 அங்குலம் வரை எங்கு வேண்டுமானாலும் குண்டு போகலாம். 500 கெஜத்தில் அது நாலேகால் அங்குலம், வட்டமாகப் பார்த்தால் எட்டரை அங்குல அகலம். எல்க் மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய ஓரடி அகலம். காற்றை நான் தப்பாகக் கணித்தால், மூச்சு சற்றே பிசகினால், மிச்சமிருக்கும் இடம் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அரை அங்குலத் தாளை நம்பியிருந்தால் 600 கெஜத்தில் சுடத் துணிந்திருப்பேன். காயத்தோடு ஓடும் விலங்கை இருட்டும்வரை தேடியவர்களை எனக்குத் தெரியும். என் எல்லை 400 கெஜம். அந்த எல்லையை எனக்குச் சொன்னது இருபது குண்டுத் தாள்தான்.

அடுத்தது வேகம். என் தோட்டாவில் குண்டின் எடை 180 கிரெய்ன், அதாவது சுமார் 11.7 கிராம். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் நொடிக்கு 2,975 அடி. அது 24 அங்குலச் சோதனைக் குழலில் எடுத்த அளவு. என் குழலும் 24 அங்குலம்தான், ஆனால் எனக்குக் கிடைத்த சராசரி 2,941 அடி. இதில் ஏமாற்று ஏதுமில்லை, ஒவ்வொரு குழலும் ஒரு மாதிரி. ஆகவே பெட்டியின் எண்ணை, குண்டு எவ்வளவு இறங்கும் என்று சொல்லும் கணிப்பானில் போட்டுவிட்டு நீள்தூரத்தில் சுடாதீர்கள். நீங்களே அளந்து பாருங்கள். இப்போது கிடைக்கும் சிறிய டாப்ளர் ராடார் கருவிகள் மேசையில் வைத்தாலே போதும். குழலின் முனையில் கட்டும் வகைக் கருவியை வைத்து வேகத்தை அளக்கலாம், ஆனால் துல்லியத்தை அதே நேரத்தில் சோதிக்கக் கூடாது. அந்த எடை குழலின் அதிர்வை மாற்றி, குண்டு விழும் இடத்தையே மாற்றிவிடும். புதுக் குழலில் முதல் நூறு குண்டுவாக்கில் வேகம் மெல்ல ஏறுவதும் உண்டு, எனவே முதல் நாள் எண்ணை நிலையானது என்று எழுதி வைக்காதீர்கள்.

சராசரி வேகத்தைவிட அதன் ஏற்ற இறக்கம்தான் தொலைவில் உறுத்தும். 100 கெஜத்தில் அது கண்ணுக்கே தெரியாது. 1,000 கெஜத்திலோ, இந்தத் தோட்டாவுக்கு நொடிக்கு 10 அடி வேகம் குறைந்தால் குண்டு சுமார் 2 அங்குலம் கீழே இறங்கும். என் இருபது குண்டில் மிக வேகமானதுக்கும் மிக மெதுவானதுக்கும் இடையே 41 அடி வித்தியாசம் இருந்தது, அதுவே 8 அங்குலம். காற்று இதைவிடக் கொடியது. மணிக்கு ஒரே ஒரு மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, கடல்மட்டத்தில், அதே தொலைவில் குண்டை 5 அங்குலத்துக்கும் மேல் தள்ளிவிடும். ஒரு மைல் வேகக் காற்றை நம் கன்னம்கூட உணராது.

ஆகவே தொலைவில் சோதிக்கும்போது உயரச் சிதறலையும் பக்கச் சிதறலையும் சேர்த்துப் பார்க்காதீர்கள். நியூ மெக்சிகோவில் ரேட்டன் ஊருக்கு அருகே விட்டிங்டன் மையம் என்ற பெரிய சுடுதளம் இருக்கிறது. அங்கே 1,123 கெஜத் தொலைவில் நிற்கும் வெள்ளை எருமை உருவத்தை அடிக்க நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வருவார்கள். நான் போனது 1,000 கெஜத் தாள் இலக்குக்காக. இரும்புத் தகட்டில் குண்டு பட்டால் ஓசை வரும், ஆனால் அது எங்கே பட்டது என்ற கணக்கு மிஞ்சாது. தாளில் எல்லாம் எழுதப்பட்டுவிடும். பதினைந்து குண்டு சுட்டேன். உயரத்தில் 14 அங்குலம், பக்கவாட்டில் 26 அங்குலம். உயரச் சிதறல் துப்பாக்கியும் தோட்டாவும் தந்தது. 100 கெஜச் சிதறலையும் வேக வித்தியாசத்தையும் வைத்து நான் முன்பே போட்ட கணக்கோடு அது பொருந்தி வந்தபோது கண் கலங்கும் அளவுக்கு மகிழ்ச்சி. பக்கவாட்டில் தெரிந்ததோ பெரும்பாலும் காற்றை நான் படித்த விதம். அதற்குத் தோட்டாவைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒன்றை மறக்காதீர்கள்: ரேட்டன் கடல்மட்டத்திலிருந்து 6,500 அடிக்கு மேல் இருக்கும் பகுதி. காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, குண்டு அதிகம் இறங்காது. அங்கே குறித்த எண்களைச் சமவெளிக்குக் கொண்டுவந்தால் கணக்கு தவறிவிடும்.

தோட்டாவைச் சந்தேகிக்கும் முன் துப்பாக்கி மேல் பூட்டிய தொலைநோக்கியைச் சந்தேகியுங்கள். 100 கெஜத்தில் உயரமான அட்டை ஒன்றில், கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல் நூல் விட்டு நேர்க்கோடு வரையுங்கள். கோட்டின் அடியில் குறிவைத்து, தொலைநோக்கியை 30 கலை மேலே திருகிச் சுடுங்கள். பஞ்சாங்கக் கணிதத்தில் பாகையின் அறுபதில் ஒரு பங்கைக் கலை என்போமே, அதேதான், சுடுதளத்தில் எம்.ஓ.ஏ. என்பார்கள். 100 கெஜத்தில் ஒரு கலை 1.047 அங்குலம். ஆகவே குண்டு 31.4 அங்குலம் மேலே, கோட்டின் மீதே விழ வேண்டும். உயரம் குறைந்தால் திருகு சரியில்லை, கோட்டைவிட்டு விலகினால் தொலைநோக்கி சாய்ந்து பூட்டப்பட்டிருக்கிறது. என்னுடையது சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்துவதற்கு முன் இரண்டு பெட்டித் தோட்டாவை, ஒரு தோட்டா ஏறக்குறைய 3 டாலர் விலையில், வீணடித்துவிட்டேன்.

இன்னொன்றையும் கேட்டிருக்கிறீர்கள், வெளிப்படையாக அல்ல: இந்தப் புதிய தோட்டா உண்மையிலேயே பழையதைவிடத் துல்லியமானதா? என் தோட்டாவையே எடுத்துக்கொண்டால், வடிவமைப்பில் காரணங்கள் இருக்கின்றன. 1962இல் வந்த 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னத்துக்குத் தர நிர்ணயத்தில் உள்ள சுருள், அதாவது குண்டைச் சுழலவைக்கக் குழலின் உள்ளே வெட்டியிருக்கும் வரி, 9.5 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பி.ஆர்.சி.க்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான, காற்றை எளிதில் கிழிக்கும் குண்டு நிலையாகப் பறக்க இந்த வேகமான சுழற்சி வேண்டும். பழையதன் பித்தளைக் கூட்டில் அடிப்பக்கம் ஒரு பட்டை இருக்கும், புதியதில் அது இல்லை. குழலின் வாசலில் குண்டு அசைய இடம் தராமல் நெருக்கமாக வெட்டியிருக்கிறார்கள். இவையெல்லாம் நல்ல காரணங்கள். ஆனால் உங்களிடம் உள்ள ஒரு துப்பாக்கியை வைத்துத் தோட்டா வகையையே தீர்ப்பிட முடியாது. குழல், தொலைநோக்கி, தொகுதி, தோள் எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தாளில் ஓட்டை போடுகின்றன.

ஒரு பழைய செய்தி. 1874இல் நியூயார்க்கின் லாங் தீவில் கிரீட்மூர் என்ற தளத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. அயர்லாந்தினரிடம் வாய்ப்பக்கம் மருந்திடும் ரிக்பி துப்பாக்கிகள், அமெரிக்கர்களிடம் பின்பக்கம் தோட்டா போடும் ரெமிங்டனும் ஷார்ப்ஸும். பின்பக்கம் திறக்கும் துப்பாக்கியில் துல்லியம் இருக்காது என்று அன்று பலர் நினைத்தார்கள். அணிக்கு ஆறு பேர், 800, 900, 1,000 கெஜங்களில் ஆளுக்குப் பதினைந்து குண்டு, ஆக ஓர் அணிக்கு 270 குண்டு. முடிவு அமெரிக்கர்களுக்கு 934, அயர்லாந்தினருக்கு 931. அதிலும் அயர்லாந்துக்காரர் ஒருவர் பக்கத்து இலக்கின் நடுவில் அடித்துப் புள்ளியை இழந்தார். அது சரியான இலக்கில் பட்டிருந்தால் நான்கு புள்ளி, ஆட்டமே மாறியிருக்கும். 270 குண்டு சுட்டும் எந்த வகைத் துப்பாக்கி மேல் என்று அந்த மூன்று புள்ளியால் சொல்ல முடியவில்லை. இப்போது உங்கள் மூன்று குண்டை நினைத்துப் பாருங்கள்.

வேட்டைக்குப் போகிறவராக இருந்தால் கடைசியாக ஒரு சோதனை. காட்டில் மான்முன் நீங்கள் சுடுவது ஆறிய குழலிலிருந்து வரும் முதல் குண்டு. மேசையில் சூடேறிய குழலின் ஏழாவது குண்டு அங்கே உதவாது. அதனால் சுடுதளத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும், வேறெதையும் தொடுவதற்கு முன், ஒரே தாளில் ஒரே ஒரு குண்டு சுடுங்கள். தேதியை எழுதுங்கள், தாளைக் கழற்றிப் பத்திரமாக எடுத்துவையுங்கள். அடுத்த வாரம் அதே தாளை மாட்டுங்கள். எனக்குப் பதினான்கு ஓட்டை சேர மே மாதம் தொடங்கி செப்டம்பர் ஆகிவிட்டது. சில நாள் வெயில், சில நாள் தூறல், ஒரு நாள் காய்ச்சலோடு போனேன். அந்தத் தாளில் சராசரி ஆரம் 0.6 அங்குலம், மேசைத் தாளைவிடப் பெரியது. இப்போது வேட்டைக்குக் கிளம்பும்போது நான் எடுத்துப் பார்ப்பது அந்தத் தாளைத்தான். உங்கள் அரை அங்குலத் தாளின் மூலையில் இன்றைய தேதியை எழுதி வையுங்கள். அந்த மூன்று ஓட்டைகளையும் பின்னால் வரப்போகும் பதினேழோடு சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும்.