சாம்பிள் அனுப்பும் முன் ஒரு போன்: பொது ஆய்வகக் கருவிகள் பற்றிச் சேலம் வாசகர்களின் கேள்விகள்

வெளியாரும் கட்டணம் கட்டிப் பயன்படுத்தக்கூடிய, பல்கலைக்கழகங்களின் பொதுக் கருவி ஆய்வகங்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவை உயிர்மருத்துவ ஆராய்ச்சியில் இருக்கும் மாணவர்களிடமிருந்து வந்தவை.

சேர்வராயன் மலைச் செடி ஒன்றின் சாற்றைப் புற்றுநோய் செல்களில் போட்டு எம்.டி.டி. சோதனை (செல் உயிரோடு இருக்கிறதா என்று நிறமாற்றத்தால் பார்ப்பது) செய்தேன். செல்கள் சாவது போலத் தெரிகிறது. அடுத்து அனெக்சின் ஃப்ளோ சைட்டோமெட்ரி (சாயம் ஏற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓட்டிப் பார்ப்பது) பார்க்க வேண்டும் என்கிறார் கைடு. செல்களைச் சென்னைக்குக் குரியரில் அனுப்பலாமா?
*முனைவர் பட்ட மாணவி, ஓமலூர்*

அனுப்ப வேண்டாம் அம்மா. செல் சாகத் தொடங்கும்போது, சவ்வின் உள்பக்கம் இருக்கும் பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் திரும்பும். அனெக்சின் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். கூடவே போடும் புரொபிடியம் அயோடைடு என்ற சாயம், சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும்தான் நுழையும். ஆக, சாயம் ஏற்றும் நேரத்தில் செல் எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான் ரிசல்ட். ஒரு ராத்திரி முழுக்க வண்டியில் போன செல்கள் தாமாகவே செத்துக்கொண்டிருக்கும். உங்கள் சாறு கொன்றது எது, பயணம் கொன்றது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பார்மால்டிஹைடு போட்டு நிலைப்படுத்தி அனுப்பலாம் என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் சவ்வு எல்லாச் செல்லிலும் ஓட்டையாகி, எல்லாமே செத்ததாகக் காட்டும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நீங்களே நேரில் போவது. செல் வளர்ப்பு அறையைச் சில நாளுக்கு வெளியாருக்குத் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். தருவார்கள் என்றால் உறைய வைத்த செல்களைக் கொண்டுபோய், அங்கேயே வளர்த்து, அங்கேயே சாறு போட்டு, அன்றைக்கே கருவியில் ஓட்டுங்கள். இன்னொன்று, கேள்வியையே மாற்றிக்கொள்வது. செல் சுழற்சி ஆய்வுக்கு (செல்கள் பிரிவதில் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று பார்ப்பது) 70 சதவீதக் குளிர்ந்த எத்தனாலில் செல்களை நிலைப்படுத்தினால், மைனஸ் 20 டிகிரியில் சில வாரம் தாங்கும். சாயம் ஏற்றும்போது ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியான ஆர்.என்.ஏ.ஸ் சேர்க்க மறக்காதீர்கள். எத்தனால் தீப்பற்றும் பொருள், எப்படி அனுப்புவது என்று குரியரிடமும் ஆய்வகத்திடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், உங்கள் எம்.டி.டி. முடிவையே நான் ஒருமுறை சந்தேகப்படுவேன். மஞ்சள் எம்.டி.டி.யை ஊதா ஃபார்மசானாக மாற்றுவது உயிருள்ள செல்லின் நொதிகள் என்று படித்திருப்பீர்கள். செடிச் சாற்றில் இருக்கும் பாலிபீனால்களும் அதே வேலையைச் செய்யும், செல்லே இல்லாவிட்டாலும். அதனால் சாறும் மீடியமும் மட்டும் ஊற்றிய, செல் இல்லாத குழிகள் சில பிளேட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். அவையும் ஊதாவானால், சாற்றைக் கழுவி எடுத்த பிறகே எம்.டி.டி. போடுங்கள். ஃப்ளோவிலும் இதே தொல்லை வேறு உருவில் வரும். இலைச் சாற்றில் பச்சையம் இருந்தால் அது லேசரில் தானே சிவப்பாக ஒளிரும். ஆகவே சாறு போட்ட, சாயம் போடாத செல்கள் ஒரு குழாய், ஒவ்வொரு சாயமும் தனியாகப் போட்டது ஒரு குழாய் என்று எடுத்துப் போங்கள். 40 மைக்ரான் வடிகட்டியில் வடித்த பிறகே கருவிக்குக் கொடுங்கள். கட்டியான செல்கள் குழாயை அடைத்தால் உங்கள் ஸ்லாட்டோடு அடுத்தவர் ஸ்லாட்டும் போய்விடும்.

இவ்வளவையும் அந்தக் கருவியின் ஆபரேட்டரே ஒரு போனில் சொல்லியிருப்பார். சோதனையைத் திட்டமிடும்போதே அவரிடம் பேசுங்கள். சாம்பிள் கையில் வந்த பிறகு பேசிப் பெரிய பயன் இருக்காது.

ஏற்காட்டில் பறித்த மூலிகையை அப்படியே பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாமா?
*எம்.எஸ்சி. மாணவர், அஸ்தம்பட்டி*

காப்புக்காட்டில் பறிப்பதாக இருந்தால் முதலில் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். பிறகு பூவோ காயோ உள்ள கிளை ஒன்றை அழுத்தி உலர்த்தி, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்தில் கொடுத்து இனத்தை உறுதி செய்யுங்கள். ஏற்காட்டின் ஆர்க்கிட் பூங்காவும் அதே நிறுவனத்தைச் சேர்ந்ததுதான். பெயர் தவறினால் பின்னால் எடுத்த ஒவ்வொரு கிராபும் வீண். இன்னொன்று: ஏற்காட்டுப் பனியில் நிழலில் உலர்த்தினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையின் நஞ்சும் செல்லைக் கொல்லும். கீழே கொண்டுவந்து, 40 டிகிரிக்கு மேல் போகாமல் ஓவனில் உலர்த்துங்கள்.

எல்.சி.-எம்.எஸ். (கலவையைப் பிரித்து மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் முறை) செய்யக் கொடுத்த புரதச் சாம்பிளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் "பஃபர் சரியில்லை". பி.பி.எஸ். என்ற பாஸ்பேட் உப்புக் கரைசல்தானே, அதில் என்ன தப்பு?
*உதவிப் பேராசிரியர், ஆத்தூர்*

திருப்பி அனுப்பியது நியாயம்தான். பாஸ்பேட், சோடியம் உப்புகள் ஆவியாகாமல், சாம்பிளுக்கு மின்னூட்டம் ஏற்றும் பகுதியான அயனி மூலத்தில் படிந்துவிடும். டிரைட்டான், எஸ்.டி.எஸ். போன்ற சோப்புப் பொருள்கள் இன்னும் மோசம், நாள்கணக்கில் கழுவினாலும் சிக்னலில் தலைகாட்டும். உப்பை நீக்கி, ஃபார்மிக் அமிலமோ அமோனியம் ஃபார்மேட்டோ போல ஆவியாகிற கரைசலுக்கு மாற்றிக் கொடுங்கள்.

ஆய்வேட்டுக்காக நோயாளிகளின் ரத்தத்தைச் சேகரிக்கிறேன். வார்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்து, மொத்தமாகச் சேர்ந்ததும் பொது ஆய்வகத்துக்கு ஆர்.டி.-பி.சி.ஆர். (ஆர்.என்.ஏ.வைக் கண்டறியும் சோதனை) செய்ய அனுப்பலாமா?
*மருத்துவ முதுநிலை மாணவர், சேலம்*

பனி கட்டாத ரக ஃப்ரீசர் தன்னைத் தானே அவ்வப்போது சூடாக்கிப் பனியை உருக்கிக்கொள்ளும். கூடவே கதவு திறப்பு, சித்திரை வெயில், மின்தடை. உங்கள் ஆர்.என்.ஏ. பலமுறை உருகி உறைந்து சிதைந்துவிடும். சேகரிக்கும்போதே ஆர்.என்.ஏ.வைக் காக்கும் கரைசலில் எடுங்கள், அல்லது அன்றைக்கே ஆர்.என்.ஏ. பிரித்துச் சிறு சிறு குழாய்களாக மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போட்ட குழாயில் எடுக்காதீர்கள். ஹெப்பாரின் பி.சி.ஆர். நொதியைத் தடுக்கும். இ.டி.டி.ஏ. குழாய்தான் சரி. உலர்பனிக்கட்டியில் அனுப்பும்போது பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டக் கூடாது. அது மைனஸ் 78 டிகிரியில் நேரே கரியமில வாயுவாக மாறும், பெட்டி வெடிக்கலாம். கண்ணாடி ஏற்றிய காரிலும் வைக்காதீர்கள்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதல் ஊசி போடும் முன் வேண்டும். ரத்தம் வெளி ஆய்வகத்துக்குப் போகும், எவ்வளவு காலம் இருக்கும் என்பது ஒப்புதல் படிவத்தில் தமிழில் எழுதப்பட்டிருக்கட்டும். கையெழுத்துப் போடுகிற நோயாளிக்கு அது புரிய வேண்டும்.

எங்கள் கல்லூரியில் மானியத்தில் வாங்கிய கருவி துணி போர்த்திக் கிடக்கிறது. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, இயக்க ஆளும் இல்லை. என்ன செய்வது?
*பேராசிரியர், கருப்பூர்*

இந்தக் கடிதம் என்னை மிகவும் வருத்தியது. கருவிக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்குகூட அதை இயக்கும் ஆளுக்குப் பெரும்பாலும் ஒதுக்கப்படுவதில்லை. திட்டம் முடிந்ததும் பழகிய ஆளை அனுப்பிவிடுகிறோம், அவரோடு கருவியும் நின்றுபோகிறது. நிரந்தர ஆபரேட்டர் பணியிடம் இல்லாமல் கருவி வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உடனே செய்யக்கூடியது: நிறுவனப் பொறியாளரை அழைத்து நிலைமையை எழுத்தில் வாங்குங்கள். எர்த்திங்கையும் யு.பி.எஸ்.ஸையும் அதே நாளில் பாருங்கள். ஓடும் நிலைக்கு வந்ததும் ஐ-ஸ்டெம் தளத்தில் பதிவு செய்யுங்கள். மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகத்தின் முயற்சியில் 2020இல் தொடங்கிய தளம் அது. எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று நாடு முழுக்கத் தேடலாம், நேரம் முன்பதிவு செய்யலாம். நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகளுக்கு உங்கள் கருவி அரை நாள் பஸ் தூரம்தான். வரும் கட்டணத்தைப் பொதுக் கணக்கில் கலக்காமல், பராமரிப்பு ஒப்பந்தத்துக்கென்று தனிக் கணக்கில் வைக்க நிர்வாகத்திடம் ஆணை வாங்குங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, யார் ஓட்டினார்கள் என்ற பதிவேடு கையில் இருந்தால் அடுத்த மானியம் கேட்கும்போது பேச வாய் இருக்கும்.

கட்டணம் கட்டித்தானே பயன்படுத்தினோம், ஆபரேட்டர் பெயரைக் கட்டுரையில் போட வேண்டுமா?
*ஆராய்ச்சி மாணவர், சூரமங்கலம்*

கட்டணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வழக்கமான அளவீடு என்றால் நன்றிப் பகுதியில் ஆய்வகத்தின் பெயரும் அவர் பெயரும் வர வேண்டும். சோதனையை வடிவமைத்தோ, தரவைப் பிரித்துப் பொருள் சொல்லியோ உதவியிருந்தால் அவரும் ஆசிரியர்களில் ஒருவர். கட்டுரையின் வரைவை அவருக்கு அனுப்பி, படித்து ஒப்புக்கொண்டாரா என்று கேட்டுவிட்டே இதழுக்கு அனுப்புங்கள்.