தொல்லியலுக்கான தேசிய ஆய்வுத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

நிபுணர் குழு ஒன்றை அமைத்து, பெரிய கேள்விகளைப் பட்டியல் போட்டால் தேசிய ஆய்வுத் திட்டம் ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது என்பேன். பட்டியல் பிறகு வரட்டும், முதலில் கிடங்கைத் திறக்க வேண்டும், அதாவது இதுவரை தோண்டி எடுத்ததையும் எழுதி வைத்ததையும் பார்க்க வேண்டும்.

கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. 2014இல் ஓர் ஆய்வாளர் குழு துறையின் பெரும் சவால்கள் என்று 25 கேள்விகளை வெளியிட்டது. நல்ல கேள்விகள்தான். ஆனால் நாளை அகழாய்வுக் குழியில் இறங்குகிறவர் எந்த மண்ணை அள்ளி வைக்க வேண்டும் என்பதை அவை சொல்லாது.

இங்கிலாந்தில் 1990க்குப் பிறகு கட்டுமானம் செய்பவரே அகழாய்வுச் செலவை ஏற்பது வழக்கமானது. அகழாய்வுகள் பெருகின, அச்சேறாத அறிக்கைகளும் குவிந்தன. 1996இல் அங்கே ஒரு வரிசை வகுத்தார்கள்: இதுவரை தெரிந்தது என்ன, அதிலிருந்து எழும் கேள்விகள் என்ன, அவற்றுக்கு விடை தேடும் வழி என்ன. முதல் படிதான் சலிப்பான வேலை, அதனால் அதைத்தான் தாண்டிவிடப் பார்ப்பார்கள். தாண்டினால் பழைய ஊர்களைக் குறிக்கும் வரைபடம் ஏமாற்றும். ஒரு பகுதியில் இரும்புக் கால ஊரே இல்லை என்று அது காட்டும். மக்கள் இல்லையா, அல்லது அங்கே யாரும் சாலை போடாததால் தோண்டவே இல்லையா? உழாத மேய்ச்சல் நிலத்தில் பானை ஓடுகள் மேலே வருவதும் அரிது. எங்கே தோண்டினோம் என்ற வரைபடத்தைப் பக்கத்தில் வைக்காமல் இடைவெளிகளைப் பற்றிப் பேசக் கூடாது.

அப்புறம், கேள்வி குழிவரை இறங்க வேண்டும். “வேளாண்மை எப்படிப் பரவியது?” என்று எழுதிவிட்டுப் போனால் எதுவும் மாறாது. அடுப்பு மண்ணை நீரில் அலசிக் கருகிய தானியத்தைப் பிரித்தெடு, கரிமக் காலக்கணிப்புக்கு (கரிமத்தை அளந்து வயதைக் கணிக்கும் சோதனைக்கு) அந்தத் தானியத்தையே அனுப்பு என்று எழுதினால் மாறும். விறகுக் கரியை அனுப்பினால், முதிர்ந்த மரத்தின் உள்வளையம் அடுப்பு எரிந்த காலத்தைவிடப் பல நூற்றாண்டு பழைய தேதியைத் தந்துவிடலாம். இத்தகைய வரிகள் அகழாய்வு அனுமதியின் நிபந்தனைகளில் இடம்பெறாவிட்டால் திட்டம் வெறும் காகிதம்.

எழுதுவதற்குப் பேராசிரியர்கள் மட்டும் போதாது. களத்தில் தோண்டுகிறவர்களும் அருங்காட்சியகக் கிடங்குக்காரர்களும் மேசையில் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் 2012 தொல்லியல் ஆய்வுத் திட்டத்தில் காலகட்டத்துக்கொரு குழு இருந்தது. வசதியான ஏற்பாடு, ஆனால் உப்புக் காய்ச்சுவது போல யுகம் தாண்டித் தொடரும் தொழில்களைத் தனியாகக் கவனிக்காவிட்டால் நடுவில் விழுந்துவிடும்.

ஒரு பயமும் உண்டு: பட்டியலில் இல்லாத கேள்விக்குப் பணமே கிடைக்காத நிலை வந்துவிடலாம். நிதியில் ஒரு பங்கைப் பட்டியலுக்கு வெளியே ஒதுக்கிவையுங்கள். திட்டத்தை யார் திருத்துவது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, அவருக்குச் சம்பளம் எங்கிருந்து என்பதையும் முதல் பதிப்பிலேயே எழுதிவிடுங்கள்.