ஓட்டியது யார்?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். லீசிங்கில் எடுத்த ஆல்டோ கார் ஒன்று இருக்கிறது. போன ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு என் அக்கா மகன் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். அவனுக்கு இருபது வயது, லைசன்ஸ் இன்னும் எடுக்கவில்லை. பின் சீட்டில் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அக்கா ஒருவர், கொழுந்து எடுப்பவர். டவுனுக்குப் போகவேண்டும் என்று அவராகக் கேட்டுத்தான் ஏறினார், காசு வாங்கவில்லை. மழையும் பனிமூட்டமும். வளைவில் வண்டி சறுக்கி, மதகுக் கட்டில் இடித்து, கானில் (வடிகாலில்) இறங்கியது. வேறு வாகனம் எதுவும் இல்லை. அந்த அக்காவுக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. பொலிஸ் வேண்டாம் என்று எல்லோருமாகப் பேசி, ஆஸ்பத்திரியில் "மலையில் வழுக்கி விழுந்தது" என்று, கொழுந்து எடுக்கும் இடத்தில் விழுந்ததாகச் சொன்னோம். இன்சூரன்ஸுக்கு ஃபோன் எடுத்து, நான்தான் ஓட்டினேன் என்றேன். இப்போது அவருடைய கணவர் மூன்று லட்சம் கேட்கிறார், தராவிட்டால் பொலிஸுக்குப் போவாராம். மிரட்டிப் பணம் பறிக்கிறார். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன் நான். இரவு முழுக்க வாசலில் நின்றவனும் நான். அந்தக் கணவர் ஒரு குடிகாரர். ரோட்டில் ஒரு எச்சரிக்கைப் பலகைகூட இல்லை. லயத்தில் தலைகாட்ட முடியவில்லை. இன்சூரன்ஸ்காரர் பொலிஸ் என்ட்ரி கேட்கிறார். நான் ஓட்டியதாகவே ஒரு என்ட்ரி போட்டு முடித்துவிடலாமா?

பதில்: போடாதீர்கள். இன்சூரன்ஸ் படிவத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு வேண்டியது அந்தக் கடைசி வரி மட்டும்தான்.

மற்றவற்றை ஒரே மூச்சில் தள்ளிவிடுகிறேன். கணவர் குடிப்பாரா என்று எந்த நீதவானும் கேட்கமாட்டார். பலகை இல்லை, பனி என்பதெல்லாம் சாரதிக்கு விலக்கு ஆகாது. பனி இருந்தால் மெதுவாகப் போகவேண்டும் என்பதுதான் அதற்கு வரும் பதில். அவராகக் கேட்டு ஏறினார், காசு வாங்கவில்லை என்பதும் உதவாது. இலவசமாக ஏற்றிச் சென்றவரையும் கவனமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடியது நல்ல காரியம், அது தண்டனையைக் குறைக்கப் பேசும்போது உதவும். அதற்கு மேல் இல்லை.

"சின்ன விபத்து" என்று கடிதத்தின் தலைப்பில் எழுதியிருந்தீர்கள். பம்பரையும் கதவையும் பார்த்துச் சொல்கிறீர்கள். சட்டம் கையைப் பார்க்கிறது. எலும்பு முறிந்தால் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 311 ஆம் பிரிவுப்படி அது கடுங்காயம். ஆளுக்குக் காயம் என்றால், 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஓட்டியவர் நிறுத்தி, உதவி செய்து, பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். வேறு வாகனம் மோதவில்லை என்பதால் அந்தக் கடமை நீங்காது. உண்மையில் ஒற்றை வாகன விபத்தில் சாரதியின் நிலை இன்னும் மோசம், பழியைப் பங்கு போட எதிரே ஆள் இல்லை. அறிவிக்காமல் விட்ட குற்றம் உங்கள் அக்கா மகனுடையது. லைசன்ஸ் இல்லாதவரிடம் சாவியைக் கொடுத்த குற்றம் உங்களுடையது. இரண்டும் பெரும்பாலும் அபராதத்தோடு தீரக்கூடியவை. அவ்வளவுதான் இன்றைக்கு உங்கள் தலையில் இருப்பது. நீங்கள் கேட்கும் யோசனை அதை எங்கே கொண்டுபோகும் என்பதுதான் என் கவலை.

மலைநாட்டு நீதிமன்றங்களில் இந்த ஆள்மாற்றத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மகன் ஓட்டுவான், அப்பா "நான்தான் ஓட்டினேன்" என்பார். பாசத்தில் செய்வது. எல்லோருக்கும் நல்லது போலத் தோன்றும். சட்டத்தரணியான என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் இப்படித்தான் மகனுக்காக வாக்குமூலம் கொடுத்தார். அன்றைக்கு அடிபட்டவருக்குக் காலில் முறிவு மட்டும்தான். ஆஸ்பத்திரியில் இருந்தபடியே நாட்கள் கழித்து அவர் இறந்துபோனார். வழக்கு 298 ஆம் பிரிவுக்கு, கவனயீனத்தால் மரணம் விளைவித்ததற்கு, மாறியது. கூண்டில் நின்றது அப்பா. அப்போதுதான் "ஐயா, ஓட்டியது நான் இல்லை" என்று சொல்ல வந்தார். அவருடைய சொந்த வாக்குமூலத்தையே எடுத்து அவர் முன்னால் வைத்தார்கள். அன்று பொய்யா, இன்று பொய்யா என்ற கேள்விக்கு நல்ல பதில் ஒன்றும் கிடையாது. இரண்டில் எதைச் சொன்னாலும் ஒரு குற்றம் ஒட்டிக்கொள்ளும்.

குற்றவாளியைக் காப்பாற்றப் பொய்த் தகவல் கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றம். பொய் சொல்லிக் காப்புறுதிப் பணம் வாங்குவது ஏமாற்றுதல். லைசன்ஸ் இல்லாமல் ஓட்டிய வழக்கில் அபராதத்தைக் கட்டிவிட்டுக் கடையைத் திறக்கப் போகலாம். ஏமாற்றுதல் வழக்கு அப்படி முடிவதில்லை. அக்கா மகன் நாளைக்கு வெளிநாடு போக பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டால் இரண்டும் ஒன்றாகப் பார்க்கப்படாது.

பொய் எப்படி வெளிவரும் என்று நினைக்கிறீர்கள்? இதுவரை இரண்டு பொய்கள் சொல்லியாயிற்று, அவை ஒன்றோடொன்று சேரவில்லை. ஆஸ்பத்திரி டிக்கட்டில், அதாவது சிகிச்சைப் பதிவில், அந்த அக்கா மலையில் வழுக்கி விழுந்தவர். இன்சூரன்ஸ் பதிவில் அன்று உங்கள் கார் மதகில் இடித்தது. பொலிஸ் புத்தகத்தில் மூன்றாவதாக ஒன்று எழுதப்போகிறீர்கள். அது ஞாயிற்றுக்கிழமை வேறு. அன்று அவர் மலைக்குப் போகவே இல்லை என்பதைத் தோட்டத்து செக்றோலை (வேலை வரவுப் பதிவேட்டை) புரட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கானில் இருந்து வண்டியைத் தூக்க வந்த ஆட்கள் எத்தனை பேர்? அவர்களில் யாராவது ஃபோனில் படம் எடுக்கவில்லையா? உங்கள் அக்கா மகன் ஸ்டியரிங்கில் இருந்து இறங்குவது அதில் இருந்தால்? வழியில் கடைகளில் கேமரா உண்டு. கணவரோடு பேச்சு முறிந்த அன்றைக்கே முதல் வாக்கியமாக வரப்போவது "பொடியன்தான் ஓட்டினான்" என்பதுதான்.

இன்னொரு வழக்கமான கற்பனை, எதிரே வேகமாக வந்த லொறி. ஒற்றை வாகன விபத்து வாக்குமூலங்களில் பாதி லொறிகள் பிறந்த இடம் பொலிஸ் நிலையத்து வாங்குதான். நீங்கள் அதைச் சொல்லவில்லை, நல்லது. இனி யாராவது சொல்லித்தந்தாலும் எடுக்காதீர்கள். தார் ரோட்டில் உள்ள சக்கரத் தடத்தையும் இடிபட்ட கோணத்தையும் பார்த்துப் படம் வரைவது போக்குவரத்துப் பொலிஸுக்குத் தினசரி வேலை.

ஆகவே கார் திருத்தும் செலவை உங்கள் கையில் இருந்து போட்டுக்கொள்ளுங்கள். லைசன்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால் காப்புறுதிக் கம்பனி கொடுக்காது, கொடுக்கவும் தேவையில்லை. ஃபோனில் சொன்னது பிழை, ஓட்டியது நான் அல்ல, கோரிக்கையை மீளப் பெறுகிறேன் என்று ஒரு கடிதம் போதும். அதற்கு மேல் கதை எழுதவேண்டாம். அனுப்புமுன் எனக்கோ வேறு சட்டத்தரணிக்கோ காட்டுங்கள். லீசிங் ஒப்பந்தத்தையும் எடுத்து வாசியுங்கள். தவணை முடியும்வரை வண்டி முழுதாக உங்களுடையது அல்ல. விபத்தை அவர்களுக்கும் அறிவிக்கச் சொல்லி அநேகமாக ஒரு வாசகம் இருக்கும்.

பொலிஸுக்குப் போகவேண்டும், பிந்தியாவது போகவேண்டும். ஓட்டியவர் போகவேண்டும், நீங்கள் கூடப் போங்கள். கணவர் போவதற்கு முன் போவது முக்கியம். முதலில் எழுதப்படுவதற்கு ஒரு மரியாதை உண்டு. வாகனச் சொந்தக்காரரிடம் அன்று ஓட்டியது யார் என்று கேட்டால் சொல்லவேண்டியது உங்கள் கடமை, அங்கே மழுப்ப இடமில்லை.

வாக்குமூலம் கொடுக்கும் இடத்தில்தான் நம் ஆட்கள் விழுவது. நீங்கள் தமிழில் சொல்வீர்கள், உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதுவார், கடைசியில் பேனாவை நீட்டி "மெதன அத்சன் கரன்ன" (இங்கே கையெழுத்து வையுங்கள்) என்பார். அவசரத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வருவீர்கள். மாதங்கள் கழித்துப் பிரதியை எடுத்துப் பார்த்தால், "வண்டி சறுக்கியது" என்று நீங்கள் சொன்னது "வேகமாக வந்து கட்டுப்பாட்டை இழந்தேன்" என்று இருக்கும். பெரும்பாலும் அதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. அவர் வழமையாக எழுதும் வாக்கியம் அது. ஆனால் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. தமிழில் தொடர்பு கொள்ள அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. தமிழில் எழுதுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். ஆள் இல்லை என்றால், வாசித்துத் தமிழில் விளங்கப்படுத்திய பிறகே கையெழுத்து வையுங்கள். விளங்கப்படுத்தியவர் பெயரையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். கோபம் வேண்டாம், குரல் உயர்த்த வேண்டாம், விளங்கும்வரை பேனாவைத் தொடவேண்டாம்.

மதகுக் கட்டில் கல் பெயர்ந்திருந்தால், பொதுச் சொத்துச் சட்டத்தில் உள்ளே போட்டுவிடுவோம் என்று யாராவது வெருட்டலாம். 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அது, கடுமையானதுதான். ஆனால் அங்கே கேட்கப்படுவது வேண்டுமென்று செய்த சேதம். சறுக்கி இடித்தது அந்த வகை அல்ல. மதகு யாருடையதோ, தோட்டத்துடையதோ வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையதோ, அவர்கள் தரும் மதிப்பீட்டைக் கட்டிப் பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள்.

இனி மூன்று லட்சம். அவர் மிரட்டிப் பணம் பறிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை எங்கும் சொல்லாதீர்கள். கேட்கும் விதம் பிழையாக இருக்கலாம், ஆனால் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. கொழுந்து எடுக்கும் கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். கட்டுப் பிரித்த பிறகும் முழுக் கொழுந்து எடுக்க நாளாகும், அதுவரை முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், கிடைக்காது. வழக்குப் போட அவர்களுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. ஆறு மாதம் அமைதியாக இருந்தால் மறந்துவிடுவார்கள் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், அதை நம்பவேண்டாம். வழக்கு வந்தால் ஓட்டியவரோடு உங்களையும் சேர்ப்பார்கள். உங்கள் வண்டி, உங்கள் பயணம், நீங்கள் பக்கத்தில் இருந்து ஓட்ட விட்டீர்கள். தப்ப இடமில்லை.

பேசித் தீருங்கள். அந்த அக்காவின் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேளுங்கள். வேலை இழக்கும் மாதங்களுக்கு அந்தக் கணக்கு, கிளினிக்குக்குப் போய்வரும் செலவு, வேதனைக்கு ஒரு தொகை. கூட்டிப் பார்த்தால் மூன்று லட்சம் அதிகமா, நியாயமா என்று உங்களுக்கே தெரியும். கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் முடித்துவிடுங்கள். ஐந்து வருடம் நீதிமன்றத்துக்கு ஏறி இறங்குவதற்கு என்னைப்போன்ற ஆட்களுக்குக் கொடுப்பதைவிட அது மலிவு.

கொடுக்கும் முறையில்தான் கவனம். தோட்டத் தலைவர் கையில் காசைக் கொடுத்து, "அவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டவர்கள் இரண்டாம் முறையும் கொடுத்திருக்கிறார்கள். பணம் கணவருக்கு அல்ல, அடிபட்ட அந்த அக்காவுக்கு. அவர் கையெழுத்து, அவர் அடையாள அட்டை இலக்கம், சாட்சிகள் இருவர், தொகை எழுத்தாலும் எண்ணாலும். முடிந்தால் அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போடுங்கள். இந்த விபத்துத் தொடர்பாக இனி நட்டஈடு கோரமாட்டேன் என்ற வாசகம் இருக்கவேண்டும். "பொலிஸுக்குச் சொல்லமாட்டேன்" என்ற வாசகம் இருக்கக்கூடாது. குற்றத்தை மறைக்கக் காசு கொடுத்ததாக அந்தக் காகிதமே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யையும் அவர் வாக்குமூலத்தில் திருத்தட்டும். தோட்டத்தில் வேலையில் விழுந்ததாக நட்டஈடு கேட்கும் யோசனை கணவருக்கு இருந்தால் அதையும் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். அது அவரையும் இழுத்துக்கொண்டு போகும்.

பணம் கொடுத்தால் பொலிஸ் விஷயம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். அறிவிக்காத குற்றமும் லைசன்ஸ் குற்றமும் அவர் மன்னித்துப் போகிறவை அல்ல. தீர்த்துக்கொண்டது, நீதிமன்றத்தில் தண்டனையைப் பற்றிப் பேசும்போது உதவும்.

கடைசியாக ஒன்று. உங்களுக்கும் அக்கா மகனுக்கும் ஒரே சட்டத்தரணி போதாது. அவனுக்குச் சாவியைக் கொடுத்தது யார் என்ற கேள்வி வரும்போது உங்கள் இருவர் நலனும் ஒன்றல்ல. என்னிடம் வருவதானால் நீங்கள் மட்டும் வாருங்கள், கையெழுத்து வைக்காத இன்சூரன்ஸ் படிவத்தையும் லீசிங் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு. அவனுக்கு வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லி உங்கள் அக்காவிடம் இன்றே பேசுங்கள்.