ஸ்பெயின் எறும்பு ஓசூருக்கு வரலாமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எறும்பு வளர்க்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு தனக்கும் ஒரு காலனி வேண்டும் என்கிறாள். ஐரோப்பாவில் ஓர் ஆன்லைன் கடையில் விதை தின்னும் மெஸ்ஸார் பார்பரஸ் எறும்பின் ராணியும் கூடவே சில வேலைக்கார எறும்புகளும் கிடைக்கின்றன. எந்த நாட்டுக்கும் அனுப்புவோம் என்கிறார்கள். இல்லையென்றால் ஜெர்மனியில் இருக்கும் என் மைத்துனர் பொங்கலுக்கு வரும்போது கொண்டுவந்துவிடுவார். சட்டப்படி வாங்க என்ன அனுமதி வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும்? (வாசகர், ஓசூர்)

பதில்: அனுமதி என்று ஒன்று இருக்கிறது. ஆனால் வீட்டில் வளர்த்துப் பார்க்க அது கிடைத்துவிடும் என்று நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். தபாலிலும் வேண்டாம், மைத்துனரின் பையிலும் வேண்டாம். அவர் மேல் வழக்கு வந்தால் பொங்கல் பொங்கலாக இருக்காது.

எறும்பு என்றதும் பலரும் வன உயிரினச் சட்டத்தைத் தேடுகிறார்கள். அதில் மெஸ்ஸார் பெயரைக் காணவில்லை, ஆகவே தடையில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தேட வேண்டிய இடம் அது இல்லை. வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பூச்சி வருவதைக் கட்டுப்படுத்துவது விவசாயத் துறை. 1914-ஆம் ஆண்டின் பயிரழிக்கும் பூச்சிகள் சட்டம், அதன் கீழ் வந்த 2003-ஆம் ஆண்டின் பிளான்ட் குவாரண்டைன் ஆணை, இரண்டும்தான் இதற்குப் பொருந்தும். அந்த ஆணைப்படி, உயிருள்ள எந்தப் பூச்சியானாலும் நாட்டுக்குள் வருவதற்கு முன்பே ஃபரிதாபாத்தில் இருக்கும் தாவரப் பாதுகாப்பு ஆலோசகரின் பர்மிட் கையில் இருக்க வேண்டும். வந்து இறங்கிய பிறகு விண்ணப்பிக்கலாம் என்ற கதையே கிடையாது. கூண்டு மண்ணோடு சேர்த்து அனுப்பினால் மண்ணுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. மண்ணில் நூற்புழு வரும், பூஞ்சாணம் வரும். எறும்பை விட அதுதான் அதிகாரிகளுக்குப் பெரிய தலைவலி.

அந்தப் பர்மிட்டை யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்பதை உங்கள் பக்கத்து மாவட்டக் கதையிலிருந்தே சொல்லலாம். 2020-இல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி தென்பட்டது. பிறகு தமிழ்நாட்டுக்குள்ளும் வந்து, சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கம் குச்சிக்கிழங்கு போட்டவர்களைக் கலங்கடித்தது. நுனிக் குருத்து சுருண்டு முடிச்சு போட்டதுபோல ஆகிவிடும். மருந்தடித்துக் கட்டுப்படுத்த முடியவில்லை. பெங்களூரு ஹெப்பாலில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், இந்த மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் அனாகிரஸ் லோபெசி என்ற சிறு குளவியை 2021-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. வந்ததும் வயலுக்குக் கொண்டுபோகவில்லை. தனிமைப்படுத்தும் ஆய்வகத்தில் அடைத்து வைத்து, வேறு பூச்சிகளுக்கு இதனால் கெடுதல் உண்டா, இதன் உடம்பில் வேறெதுவும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு, 2022-இல்தான் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட ஆரம்பித்தார்கள்.

பூச்சியைச் சட்டப்படி எல்லை தாண்டிக் கொண்டுவருவது என்றால் அதுதான். விண்ணப்பத்தில் தேவை என்ன, எங்கே அடைத்து வைப்பீர்கள், தப்பினால் என்ன செய்வீர்கள், வேலை முடிந்ததும் எப்படி அழிப்பீர்கள் என்றெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆய்வு நிறுவனத்துக்கு அதற்கான ஆய்வகம் இருக்கிறது. வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் அக்ரிலிக் பெட்டியைக் காட்டி அதே பர்மிட்டைக் கேட்டால், நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

சரி, தபால். சர்வதேசத் தபால் ஒன்றியத்தின் விதிப்படி உயிருள்ள பிராணிகளைத் தபாலில் அனுப்பக் கூடாது. விதிவிலக்கு மிகக் குறைவு: தேனீ, அட்டை, பட்டுப்புழு, அப்புறம் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் நன்மை செய்யும் பூச்சிகள், ஆராய்ச்சிக்கான பழ ஈக்கள். எறும்பு அந்த வரிசையில் இல்லை. ஆகவே "எந்த நாட்டுக்கும் அனுப்புவோம்" என்று ஒரு கடை சொன்னால், அனுப்புவது அவர்கள் வேலை, மாட்டிக்கொள்வது உங்கள் வேலை என்று பொருள். பார்சல் மேல் "பிளாஸ்டிக் பொம்மை" என்றோ "பரிசுப் பொருள்" என்றோ எழுதி அனுப்புகிறோம் என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பர்மிட் இல்லாததோடு பொய் விவரமும் சேர்ந்துகொள்கிறது. 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி அந்தப் பொருளைப் பறிமுதல் செய்யலாம், அபராதமும் போடலாம். நடத்தை மோசம் என்று பட்டால் வழக்கும் உண்டு.

அந்தக் கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. மெஸ்ஸார் பார்பரஸ் ஸ்பெயின், போர்ச்சுகல், தெற்கு பிரான்ஸ் பக்கத்துச் சொந்த எறும்பு. அதை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விற்பது அவருக்கு வழக்கமான வியாபாரமாக இருக்கலாம். அவர் ஊர்ச் சட்டம் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தோடு முடிந்துவிடும், அவ்வளவுதான். எறும்பு வளர்ப்பு பரவலாக இருக்கும் அங்கேயே 2022-இல் நெருப்பெறும்பு இனங்கள் மூன்றையும் சிறு நெருப்பெறும்பு என்ற இன்னொன்றையும் ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் சேர்த்து, வைத்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவிலோ ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு ராணி எறும்பை அனுப்பவே மத்திய விவசாயத் துறையின் பர்மிட் வேண்டும்.

கென்யாவில் 2025-இல் நடந்ததை மைத்துனருக்கும் சொல்லுங்கள். பெல்ஜியத்திலிருந்து போன 19 வயதுப் பையன்கள் இரண்டு பேர் ஏறக்குறைய 5,000 எறும்புகளைப் பஞ்சு வைத்த சோதனைக் குழாய்களில் அடைத்து வைத்திருந்தபோது பிடிபட்டார்கள். பெரும்பாலானவை மெஸ்ஸார் செபலோட்டஸ், நீங்கள் கேட்கும் எறும்பின் ஆப்பிரிக்க உறவு. விளையாட்டாகச் சேர்த்தோம், சட்டம் தெரியாது என்றார்கள். நீதிமன்றம் ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் ஓராண்டு சிறை என்றது. உங்கள் ஒரு ராணியையும் அவர்களின் 5,000-த்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது, உண்மைதான். ஆனாலும் "தெரியாது" என்ற பதில் அங்கேயும் செல்லவில்லை, இங்கேயும் செல்லாது.

ஒரே ஒரு ராணிக்கு இத்தனை கெடுபிடியா என்று உங்கள் மகள் கேட்பாள். கேட்கட்டும், நல்ல கேள்வி. கலந்துவிட்ட ராணி தனி எறும்பு இல்லை. வாழ்நாள் முழுக்க முட்டையிடத் தேவையான விந்தணுவை அவள் தன் வயிற்றிலேயே சேமித்து வைத்திருக்கிறாள். ஆண் துணையே இல்லாமல் ஆயிரக்கணக்கான எறும்புகள் உள்ள காலனியை அவள் ஒருத்தியாகவே கட்டிவிடுவாள். நெருப்பெறும்பு 1930-களில் அமெரிக்காவின் மொபைல் துறைமுகத்தில் கப்பல் சரக்கோடு இறங்கியது. இன்றைக்கு அங்கே தென் மாநிலங்கள் முழுக்க இருக்கிறது. 2023-இல் இத்தாலியின் சிசிலித் தீவில் அதன் 88 புற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். நம் பக்கத்திலேயே 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகி, ஆடு மாடுகளைக் கட்ட முடியாமல் மக்கள் தவித்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சுகிறது. அதே எறும்பு கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்றிருக்கிறது.

மெஸ்ஸார் பார்பரஸ் அந்த அளவுக்குக் கெட்ட பெயர் எடுத்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அது விதை பொறுக்கும் எறும்பு. ஐரோப்பாவில் தானிய வயல்களை ஒட்டி வாழ்கிறது. குளிர்காலத்தில் கொஞ்சம் குளிர்ச்சியும் அதற்கு வேண்டும். ஓசூர், தளி மேட்டுப் பகுதி கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் அளவில், குளிர்ச்சியாக, கேழ்வரகும் சாமையும் விளையும் நிலமாக இருக்கிறது. அங்கே அது பிழைத்துக்கொள்ளுமா என்பதை உங்கள் வீட்டு மாடியில் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

இனி மகளுக்கு வருவோம். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் எறும்புக்குப் பஞ்சமே இல்லை. ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது கறுப்புக் கட்டெறும்பு, அறிவியல் பெயர் கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ். உருவம் பெரியது, கண்ணுக்கு நன்றாகத் தெரியும், கண்ணாடிக் குழாயில் வழுக்கி ஓடாமல் நிதானமாக இருக்கும், கண்டதைத் தின்னும். கோடை மழை பெய்த சாயங்காலங்களில் தெருவிளக்கடியில் பார்க்கச் சொல்லுங்கள். ஈசலோடு சேர்ந்து இறக்கை வைத்த எறும்புகளும் வரும். ஈசலுக்கு இடுப்பு தடிமனாக, நான்கு இறக்கையும் ஒரே அளவாக இருக்கும். எறும்புக்கு இடுப்பு சிறுத்து, முன்னிறக்கை நீண்டு, உணர்கொம்பு முழங்கைபோல மடங்கியிருக்கும். இறக்கையோடு இருப்பதைப் பிடிக்காதீர்கள். அது இன்னும் கலக்காமல் இருக்கலாம். இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் பொந்து தேடி அலைகிற, முதுகு புடைத்த பெரிய எறும்புதான் ராணி.

சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைத்து இறுக்கமாகப் பஞ்சு, அப்புறம் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டான அலமாரியில் வைத்துவிடுங்கள். சாப்பாடு எதுவும் போடக் கூடாது. பறப்பதற்கு இருந்த தசை இனித் தேவையில்லை என்பதால், அதைக் கரைத்தே முதல் குஞ்சுகளை அவள் வளர்த்துவிடுவாள். முதல் வேலைக்காரிகள் வெளிவர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், வெயிலைப் பொறுத்து முன்பின் இருக்கும். பெரும்பாலான ராணிகள் செத்துப்போவது பசியால் இல்லை, தினமும் எடுத்துப் பார்ப்பதால்தான். வாரம் ஒரு தடவை, அதுவும் சிவப்புத் தாள் சுற்றிப் பார்க்கட்டும். வேலைக்காரிகள் வந்த பிறகு ஒரு சொட்டுத் தேன் தண்ணீர், ஒரு கொசு போதும். மருந்தடித்துச் செத்த கரப்பானை மட்டும் போட்டுவிடாதீர்கள், காலனி முழுவதும் போய்விடும்.

விதை தின்னும் எறும்புதான் வேண்டும் என்று அவள் அடம் பிடித்தால், அதுவும் இங்கேயே உண்டு. ட்ரைகோமிர்மெக்ஸ் ஸ்கேப்ரிசெப்ஸ் என்பது நம் தக்காண நிலத்துச் சொந்த அறுவடை எறும்பு. வரப்போரத்தில் புற்றின் வாயைச் சுற்றி உமி வட்டமாகக் குவிந்திருந்தால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை வீட்டுக்குக் கொண்டுவரும் முன், புற்றருகே சாமை, தினை, கேழ்வரகு என்று தனித்தனியாகக் கொஞ்சம் வைத்து, எதை முதலில் தூக்குகிறது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு, ஸ்பெயினிலிருந்து வாங்கிய பெட்டியை விட அந்த நோட்டுப் புத்தகம் மேல் என்பது என் கட்சி.

முசுறு வேண்டாம்; அது மரத்தில் இலை தைத்து வாழ்வது, வீட்டில் அடங்காது. டையகேமா என்ற கறுத்த, வரிவரியான எறும்பும் ஆரம்பத்துக்கு வேண்டாம். அதில் தனி உருவம் கொண்ட ராணியே கிடையாது, தேடித் தேடி ஏமாந்துபோவாள்.

பிடிக்கிற இடம் உங்கள் வீட்டு வாசலாக, சொந்த நிலமாக இருக்கட்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் காவேரி வடக்கு, காவேரி தெற்கு என்று இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள் இருக்கின்றன. அங்கிருந்தும் காப்புக்காடுகளிலிருந்தும் எதையும் எடுத்து வராதீர்கள்.

அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் விற்பவரிடம் வாங்கலாமா என்ற கேள்வியும் உங்களுக்கு வரும். 2003 ஆணை வெளிநாட்டிலிருந்து வருவதைப் பற்றியது, மாநில எல்லைக்கு அது பொருந்தாது. ஆனால் எந்த இனம், எந்த ஊரில் பிடித்தது என்று கேளுங்கள். வெளிநாட்டு இனம் என்றால் இறக்குமதிப் பர்மிட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும்: "உங்கள் ஊர்க் கட்டெறும்பு ராணியை அனுப்புங்கள், பதிலுக்கு எங்கள் எறும்பைத் தருகிறோம்" என்று வெளிநாட்டிலிருந்து கேட்பவர்கள் உண்டு. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, வெளிநாட்டவர் நம் உயிரினங்களைப் பெறுவதற்குச் சென்னையில் இருக்கும் தேசிய ஆணையத்தின் ஒப்புதல் தேவை.

ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டீர்கள் என்றால், கடை அனுப்புவதற்குள் ரத்து செய்துவிடுங்கள். பணம் போனாலும் பரவாயில்லை. பார்சல் எப்படியோ வீட்டுக்கே வந்துவிட்டால் பாவம் என்று தோட்டத்தில் விட்டுவிடாதீர்கள், அதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. குழாயைத் திறக்காமல் ஒரு மூடிய டப்பாவில் வைத்துவிட்டு, பெங்களூரிலோ சென்னையிலோ உள்ள தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.