மகளின் மதிய மாத்திரையை வாங்கி வைத்துக் கொடுக்க வகுப்பாசிரியர் மறுக்கிறார். என்ன செய்வது?

கேள்வி கேட்டிருப்பவர் ஏழாம் வகுப்புப் பெண்ணின் தாய். மகளுக்கு வலிப்பு. மாத்திரை மூன்று வேளை. மதிய மாத்திரையை வாங்கி வைத்துக் கொடுக்கச் சொன்னால், "ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?" என்று வகுப்பாசிரியர் கையை விரித்துவிட்டாராம். இதில் மனிதாபிமானம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஆசிரியர் நிற்கும் இடத்தில் பதினேழு வருடமாக நிற்பவள் நான். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அறிவியல் டீச்சர் என்றால் முதலுதவிப் பெட்டி அவர் தலையில்தான் விழும். ஜூனியர் ரெட் கிராஸ் பொறுப்பும் சேர்ந்து வந்தது. அந்த ஆசிரியருக்கு இருப்பது பயம், கல்நெஞ்சம் இல்லை. அந்தப் பயத்தை நீங்கள் நினைத்தால் போக்க முடியும். எப்படி என்று சொல்வதற்குமுன் ஒரு பையனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நான் பெட்டியைப் பொறுப்பெடுத்த இரண்டாம் வருடம். எட்டாம் வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பையன் பெஞ்சிலிருந்து சரிந்தான். கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லோரும் செய்வதைத்தான். சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் திணித்தேன். நாக்கைக் கடித்துக்கொள்வானே என்று சத்துணவுக் கூடத்திலிருந்து கரண்டியை வாங்கி வாயில் வைக்கப் பார்த்தேன். முன்பல் ஒன்று உடைந்தது. ஓரிரு நிமிடத்தில் வலிப்பு தானாக நின்றது. சாவிதான் நிறுத்தியது என்று சுற்றி நின்ற அத்தனை பேரும் நம்பினார்கள். எந்த இரும்பும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவர் அன்று என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் நிற்கிறது. வலிப்பு கொண்டுபோகாத பல்லை டீச்சர் கொண்டுபோய்விட்டார் என்றார்.

அதைவிட என்னை உலுக்கியது, மாலையில் அவனுடைய ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தபோது கண்டது. காம்பஸுக்குக் கீழே காகிதத்தில் மடித்து நாலைந்து மாத்திரைகள். மதிய மாத்திரையை யாருக்கும் தெரியாமல் விழுங்கச் சொல்லி அவன் அம்மா கொடுத்தனுப்பியவை. மற்ற பையன்கள் பார்த்துவிடுவார்களே என்று அவன் பல நாள் விழுங்கவே இல்லை. மாத்திரை விட்டுப்போனதால் வலிப்பு வந்தது. பள்ளியில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது என்பதால் பல் உடைந்தது. அம்மாவைக் கேட்டால், "சொன்னால் பள்ளியில் சேர்ப்பீர்களோ மாட்டீர்களோ என்று பயம் டீச்சர்" என்றார். நாங்கள் அவரைக் கண்டு பயப்பட, அவர் எங்களைக் கண்டு பயப்பட, நடுவில் பையன்.

நீங்கள் மறைக்காமல் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கே உங்களைக் கும்பிடலாம். பெண்பிள்ளை என்றால் கல்யாணம் நின்றுபோகும் என்று இன்னும் ஆழமாக மூடிவைக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். இந்துத் திருமணச் சட்டத்தில் கல்யாணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பு என்ற சொல்லையே 1999-இல் எடுத்துவிட்டார்கள். சொந்தக்காரர்களின் வாயிலிருந்துதான் இன்னும் எடுக்கமுடியவில்லை.

இப்போது மாத்திரை. பெற்றோர் ஒன்றாக நினைக்கும் இரண்டு காரியங்களை நான் தனித்தனியாகப் பார்க்கிறேன். உங்கள் மகளுக்கு மருத்துவர் எழுதிய மாத்திரையை எடுத்துக் கொடுப்பது ஒன்று. ஒரு பிள்ளைக்கு என்ன மாத்திரை வேண்டும் என்று நானே முடிவு செய்வது இன்னொன்று. முதலாவதை ஒரு நாளும் தவறவிடமாட்டேன். இரண்டாவதைச் செய்யவேமாட்டேன், காய்ச்சல் மாத்திரையைக்கூட.

இதையும் பட்டுத்தான் கற்றேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி காய்ச்சலோடு வந்து சுருண்டு படுத்தாள். பெட்டியில் பாராசிட்டமால் 500 இருந்தது, பரிதாபப்பட்டுக் கொடுத்தேன். மதியம் வந்த அம்மா, காலையில் வீட்டிலும் ஒரு மாத்திரை கொடுத்துத்தான் அனுப்பியதாகச் சொன்னார். அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம்தான் ஒரு வேளை அளவு. 22 கிலோ இருந்த அந்தப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 330-ஐத் தாண்டக்கூடாது. அதையும் நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி கொடுக்கக்கூடாது. நான் கொடுத்தது இரண்டு வகையிலும் தப்பு. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் தூக்கம் போயிற்று. அதன்பிறகு எங்கள் பெட்டியில் மாத்திரை கிடையாது. காய்ச்சலா, நெற்றியில் ஈரத்துணி, குடிக்கத் தண்ணீர், வீட்டுக்குப் போன். பெட்டியில் இருப்பது காஸ் துணி, சுருள் கட்டுத்துணி, பிளாஸ்டர், கையுறை, கத்தரிக்கோல், தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், குளுக்கோஸ், ஒரு சோப்பு. நான் வாங்கிக்கொண்டபோது இருந்தவை உறைந்துபோன டிங்ச்சர், எலி கடித்த பஞ்சு, யாரோ வைத்த தலைவலித் தைலம். பஞ்சைக் காயத்தில் நேராக வைத்தால் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது பிள்ளை அலறும். சிராய்ப்புக்குக் குழாய்த் தண்ணீரும் சோப்பும் போதும்.

"அரசே மாத்திரை கொடுக்கிறதே, அதை மட்டும் கொடுக்கிறீர்களே?" என்று கேட்கலாம். உண்மைதான். வாரம் ஒரு முறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பூச்சி மாத்திரை. பூச்சி மாத்திரை பெரிய பிள்ளைகளுக்கு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல், கடித்து மென்று தின்னவேண்டும். அன்று உடம்பு சரியில்லாத பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. இரும்பு மாத்திரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மறுநாள் மலம் கறுப்பாகப் போவது வழக்கம்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும், சொல்லாவிட்டால் ஊரே திரண்டு வந்துவிடும். எங்கள் பள்ளி வேப்பமரத்தடியில் ஒருமுறை நீல மாத்திரைகள் கோலமாவு தூவியதுபோல் கிடந்தன. ஜன்னல் வழியாக எறிந்திருக்கிறார்கள். எறிந்ததுகூடப் பரவாயில்லை. 2023 மார்ச்சில் உதகையில் ஒரு பள்ளியில் சிறுமிகள் போட்டி போட்டுக்கொண்டு இந்தச் சத்து மாத்திரையை அள்ளி விழுங்கியதில் 13 வயதுப் பெண் இறந்துபோனாள். சத்து மாத்திரைதானே என்ற அலட்சியம் எனக்கும் அதுவரை இருந்தது. இரும்பு அளவு மீறினால் விஷம். இப்போது அட்டைகள் பீரோவில், சாவி என் கைப்பையில். ஒரு பிள்ளைக்கு ஒன்று, என் கண்ணெதிரே விழுங்கி வாயைத் திறந்து காட்டவேண்டும். பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எழுதிக்கொடுத்தால் எல்லாம் நடக்கும் என்பதற்கு எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி சாட்சி. அவளுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய், மதியமும் இன்சுலின் ஊசி. அவள் அப்பா மருத்துவரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கி, தலைமையாசிரியரிடம் ஒன்றும் என்னிடம் ஒன்றும் கொடுத்தார். பள்ளியில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஒரு மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணல் கொட்டி, தினமும் காலையில் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்தோம். கரிசல் வெயிலிலும் உள்ளே குளுகுளு என்றிருக்கும். ஊசியை அவளே போட்டுக்கொள்வாள். மறைவாக ஓர் இடமும், சத்துணவு வரிசையில் முதல் தட்டும்தான் நாங்கள் கொடுத்தவை. ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். அவள் வியர்த்து, கை நடுங்கி, காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் திமிர் என்று நினைக்காமல், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் பார்க்கவேண்டும் என்று எல்லா ஆசிரியருக்கும் தெரியும். மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. இப்படிப்பட்ட பிள்ளைகள் வகுப்பில் சர்க்கரை பார்க்கவும் ஊசி போடவும் இடைத்தீனி தின்னவும் அனுமதிக்கவேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் கேட்டுக்கொண்டது. எங்களுக்கு அதற்கு முன்பே அந்த அப்பாவின் காகிதம் போதுமானதாக இருந்தது.

ஆகவே மாத்திரை அட்டையை மட்டும் நீட்டாதீர்கள். ஆசிரியரின் இடத்தில் இருந்து பாருங்கள். பெயர் தெரியாத மாத்திரை, அளவு தெரியாது, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் ஊர் முழுக்க அவர் பெயர். முதலில் உங்கள் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: இந்த மூன்று வேளையைக் காலை, இரவு என்று இரண்டு வேளையாக்க முடியுமா? மெதுவாகக் கரையும் வகை சில வலிப்பு மருந்துகளில் உண்டு. முடிந்தால் மதியத் தலைவலியே இல்லை. ஆனால் நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம்; திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஜியாமெட்ரி பாக்ஸ் போதும்.

முடியாது என்றால், மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சீட்டின் நகலோடு, உங்கள் கைப்பட ஒரு கடிதத்தைத் தலைமையாசிரியர் பெயருக்கு எழுதுங்கள். வகுப்பாசிரியர் தனியாகச் சுமக்கிற பாரம் அப்போது பள்ளியின் பொறுப்பாகிவிடும். மருந்தின் பெயர், அளவு, நேரம், மகளின் எடை, ஒவ்வாமை ஏதாவது இருந்தால் அது. மாத்திரையைப் பிரித்துப் பொட்டலம் கட்டாமல் கடை அட்டையோடு, காலாவதித் தேதி தெரியும்படி, ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுங்கள். பிள்ளையின் பையில் வைக்காமல் நேரில் கொடுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். தேதி, நேரம், கொடுத்தவர் கையெழுத்து, அவ்வளவுதான். உங்களுக்குச் சந்தேகம் வந்தால் அந்த நோட்டு பதில் சொல்லும். ஆசிரியர்மேல் பழி வந்தாலும் அந்த நோட்டுதான் அவரைக் காக்கும்.

வலிப்பு வந்தால் என்ன செய்யவேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள், ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரிந்திருக்கவில்லையே. கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளவும். பெஞ்ச், மேசையை நகர்த்தித் தலைக்கடியில் துணி வைக்கவும். கையைக் காலை அழுத்திப் பிடிக்கவேண்டாம். வாயில் எதையும் வைக்கவேண்டாம். இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைக்கவும், நன்றாக விழித்துப் பேசும்வரை தண்ணீர்கூட வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே மறுபடி இழுத்தால் 108. கூடவே ஒரு வரி: மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அவள்மேல் ஒரு துணியைப் போர்த்திவிடவும். வலிப்பின்போது சிறுநீர் பிரிந்துவிடுவது உண்டு. மறுநாள் பள்ளிக்கு வரமாட்டேன் என்று ஒரு பிள்ளை அழுவது வலிப்புக்காக அல்ல, அதற்காகத்தான்.

இவ்வளவும் செய்தபிறகும் மறுத்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துப் பேசலாம். முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் அதில் இருப்பார்கள். முதலிலேயே மேலிடத்துக்கு மனுப் போடவேண்டாம் என்பது என் எண்ணம். மனுவுக்குப் பயந்து மாத்திரை கொடுக்கிறவர் ஒரு நாள் மறந்துபோவார்.

இன்னும் ஒன்று. மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொன்று கொடுக்கவேண்டுமா, கூடாதா என்று மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். ஜியாமெட்ரி பாக்ஸ் பையனுக்காகப் பிறகு எழுதி வாங்கிய கடிதத்தில் நாங்கள் இதை விட்டுவிட்டோம். ஒரு மதியம் அவன் வாந்தி எடுக்க, நான் அவன் அம்மாவுக்கு நான்கு முறை போன் செய்தேன். அவர் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். போன் வீட்டுப் பரணில் சார்ஜில் கிடந்தது. ஆகவே போன் எண் இரண்டு எழுதுங்கள், ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும்.