வாசகர் கேள்வி – பதில்: 2024 செப்டம்பர் மாதத்து விளையாட்டரங்குகள்

கேள்வி: மாரியப்பன் தங்கவேலு 2016இல் தங்கம், அடுத்து வெள்ளி, இப்போது வெண்கலம் என்று படிப்படியாக இறங்கிவருகிறார் என எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் பேசிக்கொள்கிறார்கள். அது சரிதானா? – ஓமலூரிலிருந்து ஓர் ஆசிரியர்

பதில்: சரியல்ல. மாற்றுத் திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டிகளில் உயரம் தாண்டும் நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டிக்காரரைப் பற்றிய பேச்சு என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பதக்கத்தின் நிறத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் தாண்டிய உயரத்தைப் பாருங்கள். ரியோவில் 1.89 மீட்டர், டோக்கியோவில் 1.86, செப்டம்பர் 3 அன்று பாரீஸில் 1.85. எட்டு ஆண்டுகளில், 21 வயது இளைஞர் 29 வயதை எட்டிய காலத்தில், குறைந்திருப்பது 4 சென்டிமீட்டர் மட்டுமே. அதே காலத்தில் தங்கத்துக்குத் தேவைப்பட்ட உயரம் 1.89இலிருந்து 1.94 ஆகிவிட்டது. அந்த 1.94ஐத் தாண்டி பாராலிம்பிக் சாதனை படைத்தவர் அமெரிக்காவின் எஸ்ரா ஃபிரெக், 1.88 தாண்டி வெள்ளி பெற்றவர் நம் நாட்டின் சரத் குமார். பாரீஸுக்கு மூன்றரை மாதம் முன்னர், மே மாதம் ஜப்பானின் கோபேயில் நடந்த மாற்றுத் திறனாளிகளுக்கான உலகத் தடகளப் போட்டியில் மாரியப்பன் அதே 1.88ஐத் தாண்டித் தங்கம் வென்றதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. மாரியப்பன் டி-42 என்னும் பிரிவைச் சேர்ந்தவர். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து மோதி நசுங்கிய வலது காலோடு, செயற்கைக் கால் இல்லாமல் ஓடிவந்து தாண்டுபவர். டி-63 என்பது முழங்கால் மட்டத்திலோ அதற்கு மேலோ காலை இழந்து, செயற்கைக் கால் பொருத்தி ஓடுவோருக்கான பிரிவு, எஸ்ரா ஃபிரெக் இதைச் சேர்ந்தவர். பாரீஸில் இரு பிரிவினரும் ஒரே போட்டியில் தாண்டினார்கள். இருவகைத் தாண்டலிலும் ஓடிவரும் முறையும் உந்தி எழும் முறையும் வேறு வேறு என்பதால், முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் இடையிலான 9 சென்டிமீட்டரைத் திறமையின் இடைவெளியாக மட்டும் கணக்கிடுவது நியாயமாகாது. அடுத்தடுத்த மூன்று பாராலிம்பிக் போட்டிகளில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். தேநீர்க் கடையில் அடுத்த முறை பேச்சு எழும்போது இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: பாரீஸ் பாராலிம்பிக் போட்டிகளில் தமிழகத்தின் பங்கு எவ்வளவு? – எடப்பாடி வாசகி

பதில்: இந்தியா 7 தங்கம், 9 வெள்ளி, 13 வெண்கலமாக மொத்தம் 29 பதக்கங்கள் பெற்றது, அவற்றுள் நான்கு தமிழகத்தாருடையவை. மாரியப்பனைத் தவிர்த்த மற்ற மூவரும் பாட்மிண்டன் வீராங்கனைகள். துளசிமதி முருகேசன் வெள்ளியும், அவரிடம் அரையிறுதியில் தோற்ற மனிஷா ராமதாஸ் வெண்கலமும் பெற்றனர். குள்ள உருவத்தினருக்கான எஸ்.எச்.-6 பிரிவில் ஓசூரைச் சேர்ந்த நித்ய ஸ்ரீ சிவன் வெண்கலம் வென்றார்.

கேள்வி: நீரஜ் சோப்ரா ஒரே ஒரு சென்டிமீட்டரில் தோற்றார் என்கிறார்கள். ஈட்டி எறிதலில் அத்தனை நுட்பமாக அளக்க முடியுமா? – அம்மாபேட்டை, கல்லூரி மாணவர்

பதில்: முடியும். செப்டம்பர் 14 அன்று பிரஸ்ஸல்ஸில் நடந்த, டைமண்ட் லீக் என்னும் ஆண்டுத் தடகளத் தொடரின் இறுதியில் கிரெனடாவின் ஆண்டர்சன் பீட்டர்ஸ் முதல் வீச்சிலேயே 87.87 மீட்டர் எறிந்தார். நீரஜ் மூன்றாவது வீச்சில் எறிந்தது 87.86. ஈட்டியின் முனை முதலில் தரையைத் தொட்ட இடத்திலிருந்து மின்னணுக் கருவியால் அளக்கிறார்கள். அளவு முழுச் சென்டிமீட்டராக அமையாவிட்டால், கீழுள்ள முழுச் சென்டிமீட்டரே கணக்கில் சேரும். ஆகவே உண்மையான இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாகவும் இருந்திருக்கலாம். பயிற்சியில் இடது கையில் எலும்பு முறிந்த நிலையில்தான் அவர் அன்று களமிறங்கினார் என்பது பிறகு அவரே சொல்லித் தெரியவந்தது. எறிவது வலது கைதானே என்று எண்ண வேண்டாம். எறியும் கணத்தில் உடலின் சுழற்சியைத் தடுத்து நிறுத்தி, அந்த விசை முழுவதும் ஈட்டிக்குச் சேரும்படி செய்வதில் இடது கைக்குப் பெரும் பங்கு உண்டு.

கேள்வி: செஸ் ஒலிம்பியாட்டில் இந்தியா '22க்கு 21' என்று படித்தேன். அந்தக் கணக்கை விளக்குவீர்களா? – ஆத்தூர் வாசகர்

பதில்: புடாபெஸ்ட்டில் நடந்த ஒலிம்பியாட்டில் மொத்தம் 11 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு பலகைகளில் நால்வர் நால்வரை எதிர்த்து ஆடுவார்கள். அணி வென்றால் 2 புள்ளி, சமன் செய்தால் 1. இந்திய ஆடவர் அணி பத்துச் சுற்றுகளில் வென்று, உஸ்பெகிஸ்தானுடன் மட்டும் 2–2 எனச் சமன் செய்தது, அதனால் 21. முதற்பலகையில் குகேஷ் பத்து ஆட்டங்களில் எட்டு வெற்றி, இரண்டு சமன் என 9 புள்ளிகள் எடுத்தது என் கணிப்பில் இந்த மாதத்தின் தலைசிறந்த தனிநபர் ஆட்டம்.

மகளிரின் பாதை கரடுமுரடானது. என் மனத்தில் ஆழமாகப் பதிந்ததும் அதுதான். எட்டாம் சுற்றில் போலந்திடம் தோற்று, ஒன்பதில் அமெரிக்காவுடன் சமன் செய்து, கைநழுவிப்போகும் நிலையிலிருந்து பத்தாம் சுற்றில் சீனாவையும் கடைசிச் சுற்றில் அஜர்பைஜானையும் வென்று தங்கத்தை எட்டினார்கள். இரண்டாண்டுகளுக்கு முன் நம் மாமல்லபுரத்தில் இரு பிரிவுகளிலும் வெண்கலத்தோடு நின்ற நாடு, இம்முறை இரண்டிலும் தங்கம் பெற்றிருக்கிறது. பிரக்ஞானந்தாவும் அவருடைய அக்கா வைஷாலியும் ஆளுக்கொரு தங்கத்தோடு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

கேள்வி: ஞாயிறுதோறும் நண்பர்களோடு சைக்கிளில் மலையேறுபவன் நான். சூரிச் உலகப் போட்டியில் போகாச்சர் செய்ததை ஏன் எல்லோரும் வியக்கிறார்கள்? – ஏற்காடு வாசகர்

பதில்: இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்துக் கடப்பவருக்கு இது எளிதில் விளங்கும். முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவருக்குப் பின்னால் ஒட்டிச் செல்பவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும். அதனால்தான் வீரர்கள் கடைசிவரை கூட்டமாகச் செல்கிறார்கள். செப்டம்பர் 29 அன்று, 270 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பந்தயத்தில், முடிவுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் இருக்கும்போதே ஸ்லோவேனியாவின் தடேய் போகாச்சர் கூட்டத்தை விட்டுப் பாய்ந்தார். இறுதிப் பகுதி முழுவதும் தனியாகவே மிதித்து, 34 விநாடி முன்னிலையில் வென்றார். இத்தாலியின் ஜிரோ பந்தயம், பிரான்ஸின் டூர் டி பிரான்ஸ், உலகப் பட்டம் மூன்றையும் ஒரே ஆண்டில் பெற்ற ஆடவர்கள் அவருக்கு முன் இருவர்தான்: 1974இல் எடி மெர்க்ஸ், 1987இல் ஸ்டீபன் ரோச்.

அதே வாரத்தில் அங்கே நடந்த துயரத்தையும் சொல்லியாக வேண்டும். இளையோர் மகளிர் பந்தயத்தில், மழையில் நனைந்த சாலையில், சுவிட்சர்லாந்தின் 18 வயது மியூரியல் ஃபுரர் காட்டுப் பகுதியில் விழுந்து தலையில் காயமுற்று மறுநாள் இறந்தார். நீங்களும் உங்கள் நண்பர்களும் மழைக்காலத்தில் மலையிறங்கும்போது வேகத்தைக் குறையுங்கள். ஒருவரையொருவர் கண்பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹாக்கி, டென்னிஸ், கிரிக்கெட் முடிவுகளைச் சுருக்கமாகத் தர முடியுமா? – மேட்டூர் வாசகர்

பதில்: ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி இறுதியில் ஜுக்ராஜ் சிங்கின் ஒரே கோலால் சீனாவை 1–0 என வென்று இந்தியா ஐந்தாம் முறை கோப்பையைப் பெற்றது. அமெரிக்க ஓப்பன் டென்னிஸில் அரினா சபலென்காவும் யானிக் சின்னரும் பட்டம் வென்றனர். சேப்பாக்கம் டெஸ்ட்டில் 144 ரன்னுக்கு 6 விக்கெட் இழந்து தடுமாறிய இந்தியாவை, சொந்த மண்ணில் 113 ரன் எடுத்து மீட்ட அஸ்வின், இரண்டாம் இன்னிங்ஸில் 6 விக்கெட்டும் வீழ்த்த, வங்கதேசம் 280 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, ஒரு கால் பிறவியிலேயே குறைபாடுள்ளது. மாரியப்பனைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து தாண்டிக்கொண்டே இருக்கிறான். எங்கே தொடங்குவது? – காடையாம்பட்டியிலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடமிருந்தே தொடங்குங்கள். மாரியப்பனை உயரம் தாண்டுதலின் பக்கம் திருப்பியவரும் அவருடைய உடற்கல்வி ஆசிரியர்தான். பதினான்கு வயதில் குறைபாடற்ற மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்ற பிறகே ஊர் அவரைக் கவனித்தது. அடுத்து, மகனின் மருத்துவச் சான்றுகளுடன் சேலத்திலுள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்குச் சென்று, மாற்றுத் திறனாளிகளுக்கான போட்டிகளைப் பற்றிக் கேளுங்கள். எந்தப் பிரிவில் போட்டியிடலாம் என்பதை அதற்கென உள்ள குழு உடலைப் பரிசோதித்து முடிவு செய்யும், அதற்கு அவசரமில்லை. அதுவரை கெட்டித் தரையில் தாண்டவிடாதீர்கள். விழும் இடத்தில் தடித்த மெத்தையோ, கிளறிவிட்ட மணலோ கட்டாயம் இருக்கட்டும்.