பி.ஆர்., குடியுரிமை, ஊரில் இருக்கும் நிலம்: கேள்வி பதில்

கும்பகோணம்: சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் கட்டுமான வேலை செய்கிறேன். 10 ஆண்டு முடிந்தால் பி.ஆர். (நிரந்தரவாச உரிமை) நிச்சயம் என்கிறார் ஏஜெண்ட். உண்மையா அண்ணா?

இல்லை தம்பி. வொர்க் பெர்மிட்டை வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டு உழைத்தாலும் விண்ணப்பிக்கும் தகுதியே வராது. நடுத்தரத் திறன் வேலைக்கான எஸ் பாஸோ, உயர்பணிக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸோ வேண்டும். அதற்கும் உத்தரவாதம் கிடையாது. அந்த ஏஜெண்டிடம் ஒரு டாலர்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.

பாபநாசம்: சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கும் என் மகன், பேரனுக்கும் சேர்த்து பி.ஆர். கேட்கலாமா என்று யோசிக்கிறான்.

ஐயா, மகனுக்குத் தேசிய சேவை (கட்டாய ராணுவ, காவல் பணி) இல்லை, பேரனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு, 18 வயதையொட்டி 2 ஆண்டு முழுநேரப் பணி. சேவை செய்யாமல் பி.ஆரைத் திருப்பிக் கொடுத்தால், பிற்காலத்தில் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும். பேரனையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மன்னார்குடி: கனடாவில் 2 ஆண்டு வொர்க் பெர்மிட், பிறகு ஒன்றரை ஆண்டாக பி.ஆர். குடியுரிமைக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்? வாங்கினால் அப்பா பெயரில் உள்ள 4 ஏக்கர் நஞ்சை கைவிட்டுப் போகுமா?

விண்ணப்பிப்பதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். பி.ஆருக்கு முந்தைய நாள் ஒவ்வொன்றும் அரை நாள்தான், அதுவும் 365 வரை. ஆக, இன்னும் ஆறு மாதம். தங்கை கல்யாணம், காதுகுத்து என்று ஊரில் தங்கிய நாட்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்துக் காத்திருங்கள்.

நிலத்துக்கு வருவோம். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை. கனடியக் குடிமகன் ஆனதுமே, 1955 குடியுரிமைச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்கலாம். அந்த அட்டையை வைத்து விளைநிலம் வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. வாரிசாக வருவதற்குத் தடையில்லை. பலர் இடறுவது இங்கேதான். அப்பா தெம்பாக இருக்கும்போதே மகன் பெயருக்கு தானசெட்டில்மென்ட் எழுதிவைப்பது நம் பக்கத்து வழக்கம். வயலை அப்படி எழுதினால் அந்நியச் செலாவணி விதிகளுக்கு முரண். குடியுரிமை மாறும் வரை காத்திருக்கிற தடையும் அல்ல இது. என்ஆர்ஐ ஆகிவிட்ட உங்களுக்கு இன்றைக்கே பொருந்தும். எனவே அப்பா உயில் எழுதட்டும். பின்னாளில் விற்பதானாலும் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்கலாம். துபாயில் இருக்கும் சித்தப்பா மகன் கூடுதல் விலை தந்தாலும் ஆகாது. வீடு, மனைக்கு இந்தக் கெடுபிடி இல்லை.

திருவாரூர்: குடியுரிமை வாங்காமல் பி.ஆரோடு நின்றுவிட்டால் இந்தியாவில் ஓட்டு உண்டா?

உண்டு. படிவம் 6ஏ கொடுத்து வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்துகொள்ளுங்கள். ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும். ஓசிஐக்கு அதுவும் இல்லை.